இடுப்பு, பிறவி, வெட்டு: பம்பாய்த் தமிழரிடையே குழந்தை எலும்பு மருத்துவம் – ஒரு சொல் வரலாறு

1. முன்னுரை

ஒரு மருத்துவ முறை ஒரு மக்கள் கூட்டத்தைச் சென்றடையும்போது மருத்துவரும் கருவியும் மருந்தும் மட்டும் செல்வதில்லை. சொற்களும் உடன் செல்கின்றன. சொல் தவறினால் மருத்துவம் காலந்தாழ்கிறது. குழந்தைகளின் இடுப்புமூட்டுக் குறைபாடுகளைப் பொறுத்தவரை காலந்தாழ்தல் என்பது வெறும் வசதிக்குறைவு அன்று. ஆறு மாதத்திற்குள் அறியப்பட்டால் வார்ப்பட்டையால் சீராகக்கூடிய மூட்டு, இரண்டு வயதில் அறியப்பட்டால் எலும்பை வெட்டித் திருத்த வேண்டியதாகிறது. பத்து வயதில் அறியப்பட்டால் வாழ்நாள் முழுதும் நீளும் நொண்டலாக நின்றுவிடவும் கூடும்.

இந்த அறுவை மருத்துவத்தின் வரலாற்றையும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறிய தமிழர்கள் அதனை எதிர்கொண்ட மொழிச் சூழலையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இடுப்பு, பிறவி, வெட்டு ஆகிய மூன்று சொற்கள் இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றன.

2. துறைப்பெயரில் மறைந்த குழந்தை

1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி தாம் எழுதிய நூலுக்கு ஒரு புதுப் பெயர் சூட்டினார். நேர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் குழந்தை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் இணைத்து அவர் ஆக்கிய 'ஆர்த்தோபீடி' என்னும் அப்பெயரே இன்றைய ஆர்த்தோபீடிக்ஸ் என்னும் துறைப்பெயரின் மூலம். கோணல்மரத்தைக் கழியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி நிமிர்த்தும் அவர் நூற்படம் இன்றும் பல நாடுகளில் அத்துறையினரின் சின்னமாக விளங்குகிறது. அதாவது, இத்துறை பெயராலும் உருவகத்தாலும் குழந்தைக்கு உரியதாகவே தோன்றியது.

தமிழில் இத்துறைக்கு எலும்பியல், எலும்பு மருத்துவம், எலும்பு முறிவு மருத்துவம் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் மூன்றாவதே மருத்துவமனைப் பலகைகளிலும் மக்கள் வழக்கிலும் மிகுதி. குழந்தையைக் குறிக்கும் கூறு இம்மூன்றிலும் இல்லை. மேலும், எலும்பு முறிவு மருத்துவம் என்னும் தொடர், முறிவு ஏற்பட்டாலன்றி அங்குச் செல்ல வேண்டியதில்லை என்னும் குறிப்பையும் தருகிறது. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை, ஆயினும் நடை சரியில்லை என்னும் நிலையில் உள்ள குழந்தையின் தாய்க்கு அப்பலகை வழிகாட்டுவதில்லை. ஒரு சொல்லாக்கம் பிழையற்றதாக இருந்தும் பயன்பாட்டில் வழிமறிக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு மாறாக, போலியோ நோய்க்குத் தமிழில் வழங்கும் இளம்பிள்ளை வாதம் என்னும் தொடரில் குழந்தை நிலைபெற்றுள்ளது. மேலை மருத்துவத்தில் முன்பு வழங்கிய குழந்தைப் பக்கவாதம் என்னும் பெயருக்கு ஒத்த இத்தொடர், வாதம் என்னும் சித்த மருத்துவக் கருத்தோடும் இயைந்தமையால் எளிதில் வேரூன்றியது எனலாம்.

3. அறுவை மருத்துவத்தின் வளர்ச்சி

இடுப்புமூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடையெலும்பின் தலை பந்தாகவும், இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணமாகவும் அமைகின்றன. இலத்தீனில் அக்குழிக்கு வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் காடிக்கிண்ணம் என்பதாகும். உரோமர் உணவுமேசையில் வைத்த சிறு கிண்ணத்தின் பெயரே உடற்கூற்றியலுக்குச் சென்றது. குழந்தைப் பருவத்தில் பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று அழுத்தியே உருப்பெறுகின்றன. பந்து கிண்ணத்திற்கு வெளியே நின்றால் கிண்ணம் ஆழமடைவதில்லை. பந்தும் உருண்டை வடிவம் பெறுவதில்லை. காலம் இங்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

பிறப்பிலேயே இம்மூட்டு விலகியிருத்தலைக் கிரேக்க மருத்துவ நூல்களே குறிப்பிடுகின்றன. 1826-இல் பாரிசைச் சேர்ந்த குய்யோம் தூப்பூய்த்ரான் இதனை விரிவாக விளக்கினார். ஆனால் இதற்கு மருத்துவம் உண்டு என்னும் நம்பிக்கை அவருக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் அடோல்ஃப் லோரென்சு, தோலை வெட்டாமல் கையால் மூட்டைக் கிண்ணத்தில் அமர்த்தி, தொடைகளை விரித்த நிலையில் மாவுக்கட்டுப் போடும் முறையைக் கையாண்டார். அறுவை அரங்குகளில் அக்காலத்தில் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் அவர் தோலுக்கு ஒவ்வாமற் போனமையே அவரை இம்முறைக்குத் திருப்பியது. 1902-இல் சிகாகோ நகரத்துச் செல்வர் ஒருவரின் மகளுக்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டபோது அவர் புகழ் உலகெங்கும் பரவியது. எனினும், வலிந்து அமர்த்திய மூட்டுகள் பலவற்றில் பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு நலிந்தது பின்னர்த் தெரியவந்தது.

1937-இல் இத்தாலியக் குழந்தை மருத்துவர் மரினோ ஒர்த்தொலானியும், 1962-இல் இங்கிலாந்தின் பார்லோவும் பச்சிளங்குழந்தையின் மூட்டைக் கையால் சோதித்தறியும் முறைகளை வகுத்தனர். செக் நாட்டு அர்னோல்டு பாவ்லிக் வடிவமைத்த வார்ப்பட்டை, குழந்தை காலை அசைத்துக்கொண்டிருக்கும்போதே தொடைகளை மடக்கி விரித்து வைத்து மூட்டை அமர்த்தியது. 1980-இல் ஆஸ்திரியாவின் ரைன்ஹார்டு கிராஃப் ஒலியலைப் படத்தால் இம்மூட்டை அளக்கும் முறையை வெளியிட்டார்.

காலந்தாழ்ந்து வரும் குழந்தைகளுக்கான பெரும் திருப்பம் டொராண்டோவில் நிகழ்ந்தது. இராபர்ட் சால்ட்டர் 1957-இல் முதன்முதலாகச் செய்து 1961-இல் வெளியிட்ட அறுவையில், கிண்ணத்திற்குச் சற்று மேலே இடுப்பெலும்பு முழுதும் வெட்டப்படுகிறது. கீழ்ப்பகுதி கிண்ணத்தோடு சேர்த்து முன்னும் வெளியும் சாய்க்கப்படுகிறது. திறந்த இடைவெளியில் அதே இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்த முக்கோணத் துண்டு செருகப்பட்டுக் கம்பிகளால் நிறுத்தப்படுகிறது. பின்னர் மார்பின் கீழிருந்து கால்வரை மாவுக்கட்டு இடப்படுகிறது. இதன் தனிச்சிறப்பு, புதுக்கிண்ணம் செய்யாமல் இருக்கும் கிண்ணத்தின் முகத்தைத் திருப்பியமையே. பொதுவாக ஒன்றரை வயதுக்கு மேல் ஏறத்தாழ ஆறு வயது வரை இது பொருந்தும். வியன்னாவின் கியாரியும் அமெரிக்காவின் பெம்பர்ட்டனும் வேறு வகை வெட்டுகளை வகுத்தனர்.

பிறப்பொடு வரும் விலகல் மட்டுமே இளமையில் இடுப்புமூட்டைச் சிதைப்பதில்லை. 1910-ஐ ஒட்டி லெக், கால்வே, பெர்த்தஸ் ஆகியோர் தனித்தனியே விளக்கிய நோயில் பந்தின் இரத்த ஓட்டம் தானே தடைப்படுகிறது. இந்தியாவின் தென்மேற்குக் கடலோரப் பகுதியில் இது மிகுதியாக இருப்பதை மணிப்பாலின் பெஞ்சமின் ஜோசப்பும் உடன் பணியாற்றியோரும் 1980-களில் எடுத்துக்காட்டினர். பச்சிளம் பருவத்தில் மூட்டில் சீழ்கட்டுதல், காசநோய், இளம்பிள்ளை வாதம் ஆகியனவும் இந்திய மருத்துவமனைகளில் இவ்வறுவைகளுக்குப் பெருங்காரணங்களாக இருந்தன.

4. பம்பாயும் தமிழரும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குத் தமிழர் சென்றனர். தோல் பதனிடும் தொழில் அவர்களை அங்கு ஈர்த்தது. மாட்டுங்காவில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலகப் பணியாளரான தென்னிந்தியர் குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் அங்குத் தோன்றியது. செம்பூர் விடுதலைக்குப் பின் வளர்ந்த குடியிருப்பு. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வந்துள்ளது. இம்மூன்று இடங்களின் தமிழும் ஒன்றன்று. தாராவியின் நெல்லைத் தமிழும் மாட்டுங்காவின் பிராமணத் தமிழும் ஒரே மருத்துவமனை வாயிலில் சந்தித்தன; மருத்துவரோ மராத்தி, குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் பேசுபவராக இருந்தார்.

அம்மருத்துவமனைகள் பெரும்பாலும் அருகிலேயே அமைந்தன. பரேலில் கே.இ.எம். மருத்துவமனை 1926-இலும், குழந்தைகளுக்கெனவே அமைந்த பாய் ஜெர்பாய் வாடியா மருத்துவமனை 1929-இலும் தோன்றின. தாராவியை ஒட்டிய சயானில் மாநகராட்சி மருத்துவமனை 1947-இல் தொடங்கப்பட்டது; பிற்காலத்தில் லோகமான்ய திலகர் பெயர் பெற்ற அதனோடு 1964-இல் மருத்துவக் கல்லூரியும் இணைந்தது.

இளம்பிள்ளை வாதத்தால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான பணியில் பாத்திமா இசுமாயிலின் பெயர் முதன்மையானது. தம் குழந்தை இந்நோயுற்றபோது சென்னைக்குச் சென்று எலும்பு மருத்துவ வல்லுநர் எம்.ஜி. கினியின் உதவியைப் பெற்ற அவர், 1947-இல் பம்பாயில் இக்குழந்தைகளின் மறுவாழ்வுக்கான சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் குழந்தை எலும்பு மருத்துவமனை ஹாஜி அலியில் வளர்ந்தது. அதே பகுதியில் 1955-இல் நடுவணரசின் அகில இந்திய உடலியக்க மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் அமைந்தது. இந்நோயில் தசைகள் சூம்பி, தொடை மடங்கி விரிந்த நிலையில் இறுகிப்போவதுண்டு. இறுகிய தசைப்பட்டைகளை வெட்டித் தளர்த்துவதே அக்கால அறுவைகளுள் பெரும்பகுதி. இந்தியாவில் இந்நோயின் இறுதி நிகழ்வு 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் இப்பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்று அறுவை மேசைக்கு வரும் குழந்தைகளின் நோய்வகை மாறியுள்ளது. சொற்சிக்கல் மட்டும் மாறவில்லை.

5. இடுப்பு என்னும் சொல்

தமிழில் உடலின் நடுப்பகுதிக்கு இடை, அரை, மருங்கு, நடு, இடுப்பு எனப் பல சொற்கள் உண்டு. இவற்றுள் பேச்சில் நிலைத்திருப்பது இடுப்பு. இடுகுதல், இடுக்கு ஆகியவற்றோடு இச்சொல்லை இணைத்து நோக்கினால் குறுகிய பகுதி என்பதே அடிப்படைப் பொருளாகக் கருத இடமுண்டு. இன்றைய வழக்கில் புடவை செருகும் இடமும் இடுப்பு. குழந்தையைச் சுமக்கும் பக்கமும் இடுப்பு. முதுகின் அடியும் இடுப்பு. பிரசவ வலியும் இடுப்பு வலி. தொடையெலும்பு சென்று சேரும் மூட்டுக்கெனத் தனிச்சொல் பேச்சில் இல்லை.

அண்டை மொழிகளின் நிலை வேறு. மராத்தியில் இடைக்குக் கம்பர் என்றும் மூட்டுப்பகுதிக்குக் குபா என்றும் சொற்கள் உள்ளன. இந்தியில் முறையே கமர், கூல்ஹா. தெலுங்கில் நடுமு, துண்டி. மலையாளத்தில் அர என்னும் சொல் இடையைக் குறிக்க, இடுப்பு என்பது மூட்டுப்பகுதிக்கே பெரிதும் உரியதாயிற்று. ஒரே வேர் இரு மொழிகளில் இருவேறு எல்லைகளைப் பெற்றுள்ளமை ஒப்பீட்டு மொழியியலார் கருதத்தக்கது.

இப்பின்னணியில் சயான் மருத்துவமனைக்கு வரும் தாய் ஒருத்தி, குழந்தைக்கு இடுப்பில் கோளாறு என்று தமிழில் சொல்கிறாள் எனக் கொள்வோம். உடன் வந்த உறவினர் அதனைக் கமர் என இந்தியில் ஆக்குகிறார். சொல்லுக்குச் சொல் அது பிழையான மொழிபெயர்ப்பு அன்று. ஆயின் மருத்துவர் கேட்பது முதுகின் அடிப்பகுதி பற்றிய முறையீடு. இதனோடு மற்றொரு சிக்கலும் சேர்கிறது. இடுப்புமூட்டு நோயில் குழந்தைக்கு வலி முழங்காலில் தோன்றுவதுண்டு. இரு மூட்டுகளுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே காரணம். எனவே நோயின் இடம் உடலிலும் மாறுகிறது, மொழியிலும் மாறுகிறது.

இதற்கு ஈடாகத் தமிழ் வழங்கும் வளம் ஒன்று உண்டு. நடைக்குறையைச் சுட்டும் வினைச்சொற்கள் பேச்சுத்தமிழில் நுட்பமாக வேறுபடுகின்றன. நொண்டுதல் பொதுச்சொல். கெந்துதல் என்பது வலிக்கும் காலை ஊன்றாமல் மற்றக் காலால் துள்ளிச் செல்லுதல். விந்துதல் என்பது இலேசாகச் சாய்ந்து நடத்தல். இருபுறமும் மூட்டு விலகிய குழந்தையின் நடையை வாத்து நடை என்பர். மருத்துவரும் இவ்வேறுபாடுகளையே வேறு பெயர்களால் பிரிக்கின்றனர்: வலியால் எழும் நடை, தசைவலுவின்மையால் உடல் ஒருபுறம் சாயும் நடை, இருபுறமும் அசையும் நடை. ஆகவே, 'எங்கே நோகிறது' என்னும் வினாவைவிட 'எப்படி நடக்கிறது' என்னும் வினா தமிழ்த்தாயிடமிருந்து தெளிவான விடையைப் பெறும். மொழிபெயர்ப்பாளர் பெயர்ச்சொல்லை விடுத்து வினைச்சொல்லைப் பற்ற வேண்டிய இடம் இது.

குழந்தையை இடுப்பில் அமர்த்துவதைத் தென்மாவட்டத்தார் ஒக்கலில் வைத்தல் என்பர். அந்நிலையில் குழந்தையின் தொடைகள் மடங்கி விரிந்திருக்கும். பாவ்லிக்கின் வார்ப்பட்டை தருவதும் அந்நிலையே. இவ்வழக்கமுள்ள மக்களிடையே மூட்டு விலகல் குறைவாக இருப்பதையும், கால்களை நீட்டி இறுகச் சுற்றும் மக்களிடையே மிகுதியாக இருப்பதையும் ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ஜப்பானில் 1970-களின் நடுவில் கால்களை நீட்டிக் கட்டுவதைத் தவிர்க்கும் இயக்கம் தொடங்கிய பின் இக்குறை வெகுவாகக் குறைந்தது. பெற்றோருக்கு அறிவுரை எழுதும் மொழிபெயர்ப்பாளர் தொடைகளை விரித்து மடக்கிய நிலை என நீட்டி எழுதுவதைவிட, ஒக்கலில் வைத்த நிலை என்று எழுதினால் போதும்.

6. பிறவி என்னும் சொல்

பிறப்பொடு வந்த என்னும் கருத்தைத் தமிழில் பிறவி என்னும் அடையால் குறிப்பது மரபு: பிறவிக் குருடு, பிறவி ஊமை, பிறவி நொண்டி. பிறவி என்னும் சொல்லோ வினைக்கொள்கையோடு ஒட்டியது. எழுபிறவி, மறுபிறவி, பிறவிப்பயன் ஆகிய தொடர்களின் சாயல் அதன்மேல் படிந்துள்ளது. மருத்துவ அறிக்கையில் நோயின் காலத்தை மட்டும் குறிக்கும் சொல், தமிழில் அதன் காரணத்தையும் முடிவையும் சேர்த்தே கூறிவிடுகிறது. பிறவிக்குறை என்று கேட்ட பெற்றோர், மாற்ற இயலாதது என்று பொருள்கொள்வது மொழியின்படி இயல்பே.

இச்சொல் பற்றிய ஐயம் மேலை மருத்துவத்திலும் எழுந்தது. 1989-இல் யுகோஸ்லாவிய அறுவை மருத்துவர் கிளிசிச், பிறப்பொடு வந்த விலகல் என்னும் பெயர் தவறான எண்ணம் தருவது எனக் காட்டினார். பிறப்பில் இயல்பாகத் தோன்றிய மூட்டும் பின்னர் விலகக்கூடும். விலகாமல் கிண்ணம் ஆழமற்று நிற்பதும் உண்டு. எனவே வளர்ச்சியோடு தொடர்புபடுத்திய பெயரை அவர் முன்மொழிந்தார். 1990-களில் அம்மாற்றம் உலகளவில் ஏற்கப்பட்டது. தமிழ்ச் சொல் தொகுப்புகளில் பழைய பெயரின் வழிவந்த பிறவி இடுப்பு விலகல் போன்ற தொடர்கள் நீடித்தால், கைவிடப்பட்ட கருத்தையே தமிழ் சுமப்பதாகும். இடுப்புமூட்டு வளர்ச்சிக்குறை என்னும் தொடர் இரு நன்மைகளைத் தரும். ஒன்று, அது இன்றைய அறிவுக்குப் பொருந்தும். மற்றொன்று, வளர்ச்சி என்பது இன்னும் நடந்துகொண்டிருப்பது. ஆகவே திருத்தத்திற்கு இடமுள்ளது என்னும் குறிப்பை அது உடன் தருகிறது.

7. வெட்டு என்னும் சொல்

அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுதிய முன்னோடி, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் பயிற்றிய அவர், தம் மாணவர்களின் துணையோடு உருவாக்கிய நூல்களுள் 1867-இல் வெளிவந்த இரண வைத்தியமும் ஒன்று. இரணம் என்பது புண். அப்பெயர் நோயை நோக்கியது. பின்னர் இலங்கையில் நிலைபெற்ற சத்திர சிகிச்சை என்பது கருவியை நோக்கியது. தமிழ்நாட்டில் நிலைபெற்ற அறுவை சிகிச்சை என்பது செயலை நோக்கியது. மும்பைத் தமிழரோ மூன்றையும் விடுத்து ஆபரேஷன் என்றனர். நோய், கருவி, செயல், கடன்சொல் என நான்கு வழிகளில் ஒரே கருத்து பெயர் பெற்றுள்ளது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பு முதல் மணவை முஸ்தபாவின் மருத்துவக் கலைச்சொல் அகராதிப் பணி வரை இதனை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் தொடர்ந்தன.

சால்ட்டரின் அறுவைக்குரிய கிரேக்க வழிப் பெயரின் நேர்ப்பொருள் எலும்பு வெட்டு. ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு அப்பெயரில் வெட்டு தெரிவதில்லை. கிரேக்கம் அதனை மூடியுள்ளது. எலும்பு வெட்டு என நேராகத் தமிழாக்கினால் மூலத்தில் இல்லாத அச்சம் தமிழில் நுழைகிறது. கசாப்புக்கடையின் நினைவு எழுகிறது. எலும்புத் திருத்தம் என்றால் அச்சம் நீங்குகிறது. ஆனால் எலும்பு வெட்டப்படும் என்னும் உண்மையும் நீங்குகிறது. இசைவுப் படிவத்தில் இவ்விரண்டாவது வழி ஏற்கத்தக்கதன்று. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நோயாளி போதிய தகவல் பெற்று அளிப்பதே உண்மையான இசைவு எனத் தெளிவாக்கியது. மருத்துவத்தின் தன்மை, பயன், இடர், மாற்றுவழி ஆகியன அத்தகவலுள் அடங்கும். கையெழுத்திடும் தந்தைக்கு மொழியால் மறைக்கப்பட்டது, தகவலாகாது.

ஒற்றைச் சொல்லில் இச்சிக்கல் தீர்வதில்லை. கலைச்சொல் தொகுப்புக்கு எலும்பு வெட்டித் திருத்தல் என்னும் தொடர் பொருந்தும். செயலும் நோக்கமும் அதில் உடனிருக்கின்றன. பெற்றோருக்கான படிவத்திலோ பெயரைவிட விளக்கமே வேண்டும்: இடுப்பெலும்பு வெட்டப்படும், கிண்ணம் பந்தின்மேல் திருப்பி வைக்கப்படும், அங்கிருந்தே எடுத்த துண்டு இடையில் வைக்கப்படும், மார்பின் கீழிருந்து மாவுக்கட்டுப் போடப்படும், பின்னர்க் கம்பிகள் எடுக்கப்படும். இவ்விளக்கத்தில் மாவுக்கட்டு என்னும் மக்கள் சொல்லும் இடம்பெறுகிறது. இக்கட்டின் மேலைப்பெயர் தானியக் கதிர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். துணிச்சுற்றுகள் கதிர்மணிபோல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அமைவதால் வந்தது. அவ்வரலாறு ஆய்வாளர்க்குச் சுவையானது. பெற்றோருக்கு வேண்டியது மாவுக்கட்டே.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பும், இரு மொழிகளின் பொருளெல்லை வேறுபடும்போது நோயாளியைத் தவறான இடத்திற்கு இட்டுச்செல்லும். இடுப்பு அதற்குச் சான்று. இரண்டாவது, துறையறிவு மாறும்போது கலைச்சொல்லும் மாற வேண்டும். பிறவி அதற்குச் சான்று. மூன்றாவது, சொல்லின் மென்மை உண்மையை மறைக்கலாகாது. வெட்டு அதற்குச் சான்று.

தமிழ்நாட்டு மருத்துவமனையில் இச்சிக்கல்கள் அத்துணை வெளிப்படுவதில்லை. மருத்துவரும் தாயும் ஒரே மொழியினர் ஆதலின், ஐயம் எழுந்தவுடன் கையால் தொட்டுக் காட்டித் தெளிவுபெறுகின்றனர். மூன்று மொழிகள் குறுக்கிடும் மும்பையில்தான் தமிழ்ச் சொற்களின் எல்லைகள் புலப்படுகின்றன. எனவே மருத்துவக் கலைச்சொல் தொகுப்போர், தமிழ் பெரும்பான்மை மொழியாக இல்லாத நகரங்களின் மருத்துவமனை வழக்கையும் களமாகக் கொள்ளுதல் வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கு வார்ப்பட்டையோடு முடிய வேண்டிய மருத்துவம், ஒரு சொல்லின் பொருட்டு ஆறு வயது அறுவையாக வளர்தல் தகாது.